திடீர் கிளாக்கோமாவுக்கு லேசரா, அறுவை சிகிச்சையா?

கிளாக்கோமா என்ற ஒற்றைப் பெயரில் நாம் குறிப்பிடுவது ஒரு நோயை அல்ல, ஒரு நோய்க் குடும்பத்தை. அந்தக் குடும்பத்தில் பலரும் கேள்விப்பட்டிருப்பது, வலியோ சிவப்போ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓரப் பார்வையைச் சிறுகச் சிறுக அழித்துக்கொண்டு வரும் வகை. இங்கே பேசப்போவது அதற்கு நேர்மாறானது: காலையில் நன்றாக இருந்த கண், மாலையில் சிவந்து, இரவுக்குள் பார்வை மங்கி, தலை பிளக்கும் வலியும் வாந்தியுமாக ஆளையே சாய்த்துவிடும் வகை. மருத்துவர்கள் இதைத் திடீர்க் கோண அடைப்பு என்பார்கள்.

இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிப் பேசுவதால் அக்கம்பக்கத்து அறிவுரைகள் பல தவறாகப் போய்விடுகின்றன. "வாழ்நாள் முழுக்கச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டால் போதும்" என்பது முதல் வகைக்குப் பெரும்பாலும் பொருந்தும். இரண்டாவது வகைக்கு அது ஆபத்தான யோசனை. "லேசர் வைத்தால் தீர்ந்தது, கத்தி படவே வேண்டாம்" என்பதும், "லேசர் கைகொடுக்காவிட்டால்தான் ஆபரேஷன்" என்பதும் பாதி உண்மைகள். லேசரும் அறுவையும் ஒரே வேலையை, ஒன்று மென்மையாகவும் மற்றது கடுமையாகவும், செய்யும் கருவிகள் அல்ல. அவை கண்ணுக்குள் இருக்கும் வெவ்வேறு பழுதுகளைச் சரிசெய்கின்றன. எது எந்தப் பழுதுக்கு உரியது என்று தெரிந்துவிட்டால், மருத்துவர் ஒருவருக்கு லேசரையும் இன்னொருவருக்கு அறுவையையும் சொல்வதன் காரணம் தானாக விளங்கும்.

கண்ணுக்குள் ஓடும் நீர்

ஒரு வீட்டில் முன்னறை, பின்னறை என இரண்டு அறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பின்னறையில் ஒரு குழாய் எப்போதும் மெல்லச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அதை மூட முடியாது. இரண்டு அறைகளுக்கும் நடுவில் நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டிய ஒரு துணித் திரை, அதன் மையத்தில் ஒரு வட்டத் திறப்பு. தண்ணீர் அந்தத் திறப்பின் வழியாக முன்னறைக்கு வருகிறது. வெளியேறும் வடிகாலோ, முன்னறையில் திரை சுவரோடு சேரும் மூலையில்தான் இருக்கிறது.

கண்ணின் முன்பகுதி ஏறத்தாழ இப்படித்தான் அமைந்திருக்கிறது. திரை என்பது கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ். அதன் நடுத் திறப்பு கண்மணி. முன்னால் கண்ணாடிபோல் மூடியிருப்பது கார்னியா. ஐரிஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு திசு வளையம் இடைவிடாமல் தெளிந்த நீரைச் சுரக்கிறது. இது கண்ணீர் அல்ல. கண்ணுக்கு உள்ளேயே சுரந்து, உள்ளிருந்தே இரத்தக் குழாய்களுக்குள் வடிந்துவிடும் நீர். நிமிடத்துக்கு இரண்டு, மூன்று மைக்ரோலிட்டர்தான் சுரக்கும். மருந்துக் குப்பியிலிருந்து விழும் ஒரு சொட்டின் அளவு சேர ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அந்த நீர் கண்மணி வழியாக முன்னால் வந்து, ஐரிஸும் கார்னியாவும் சந்திக்கும் மூலையில் உள்ள சல்லடை போன்ற திசுவின் வழியாக வெளியேறுகிறது. அந்த மூலையைத்தான் கோணம் என்கிறோம்.

சுரப்பும் வடிதலும் சமமாக இருக்கும்வரை கண்ணின் உள்ளழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். இதற்கும் கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு தேட வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கும் கண் அழுத்தம் ஏறலாம்.

அடைப்பு எப்படி விழுகிறது

இப்போது பின்னறையில், திரைக்கு ஒட்டினாற்போல் ஒரு பெரிய மூட்டை இருப்பதாகவும், அது ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே வருவதாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூட்டைதான் கண்ணின் இயற்கை லென்ஸ். இளமையில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும் அது, முதுமையில் 5 மில்லிமீட்டரை நெருங்குகிறது. கண்புரை முற்ற முற்ற இன்னும் பருக்கலாம். பெரிய கண்ணில் இது பொருட்டே அல்ல. பிறப்பிலேயே நீளம் குறைந்த கண்ணில் இடமில்லாமல் போய், லென்ஸ் ஐரிஸின் பின்புறத்தில் அழுந்திக் கண்மணியின் விளிம்பை அடைத்துக்கொள்கிறது.

வழி அடைபட்டாலும் குழாய் நிற்பதில்லை. ஐரிஸுக்குப் பின்னால் நீர் தேங்கி, அந்த மெல்லிய திசுவைப் படகுப் பாய்போல் முன்னால் உப்ப வைக்கிறது. உப்பிய ஐரிஸின் ஓரம் போய்க் கோணத்தில் ஒட்டி, வடிகாலையும் மூடிவிடுகிறது. அதன் பிறகு அழுத்தம் 40, 50, சிலருக்கு 60-க்கும் மேல் ஏறுவதற்குச் சில மணி நேரமே போதும். கார்னியாவுக்குள் நீர் புகுந்து அது பனிபடர்ந்த கண்ணாடிபோல் ஆவதால் பார்வை மங்குகிறது. விளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் தெரிகிறது. கண்மணி நடுத்தர அளவில் விரிந்தபடி, ஒளி அடித்தாலும் சுருங்காமல் நின்றுவிடுகிறது. கண்ணின் பின்னாலுள்ள பார்வை நரம்புக்கு இரத்தம் போவது குறைகிறது. அந்த நரம்பு இழைகளில் இறந்தவை இறந்தவையே. அவற்றை எந்தச் சிகிச்சையும் மீட்பதில்லை.

சுருக்கமாகச் சொன்னால், இங்கே இரண்டு அடைப்புகள் அடுத்தடுத்து நிகழ்கின்றன. முதலில் லென்ஸும் ஐரிஸும் ஒட்டுவதால் கண்மணியில் ஓர் அடைப்பு. அதன் விளைவாக ஐரிஸ் உப்பிக் கோணத்தில் இன்னோர் அடைப்பு. லேசரையும் அறுவையையும் ஒப்பிடும்போது இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வது உதவும்.

யாருக்கு வருகிறது

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், ஆண்களைவிடப் பெண்கள், தூரத்துக்கே பிளஸ் பவர் கண்ணாடி போடுபவர்கள், இரத்த உறவில் யாருக்காவது இது வந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் கோண அடைப்பு மிகுதி. சங்கர நேத்ராலயா நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில் 40 வயதைக் கடந்தவர்களைப் பரிசோதித்தபோது, நூற்றுக்கு ஆறேழு பேருக்கு அடைப்புக்கு இடம் கொடுக்கக்கூடிய குறுகிய கோணம் இருந்தது.

அந்த ஆறேழு பேருக்கும் திடீர் அடைப்பு வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. சீனாவின் குவாங்சோ நகரில் குறுகிய கோணம் உள்ள 889 பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் லேசர் செய்து, மறு கண்ணை அப்படியே விட்டு ஆறு ஆண்டுகள் கண்காணித்தார்கள். 2019-இல் வெளியான அதன் முடிவுப்படி, லேசர் செய்யாத கண்களிலும் திடீர் அடைப்பு விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் வந்தது. ஆகவே கோணம் குறுகியிருக்கிறது என்பதற்காக மட்டுமே எல்லாருக்கும் லேசர் செய்ய வேண்டிய அவசியமில்லை.

தூண்டுவது பெரும்பாலும் கண்மணி பாதி விரிந்து நிற்கும் சூழல்தான்: மங்கலான வெளிச்சம், கடும் மனக்கலக்கம், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து, சளிக்கும் ஒவ்வாமைக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில பழைய மருந்துகள். வாந்தியும் தலைவலியும் முன்னால் நிற்பதால், வயிற்றுக் கோளாறு என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணி ஓர் இரவை வீணாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. வாந்தியோடு வரும் தலைவலியில் ஒரு கண் மட்டும் சிவந்து பார்வை மங்கியிருந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே கண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

முதல் வேலை லேசரும் அல்ல, அறுவையும் அல்ல

அடைப்பு விழுந்த கண்ணை எடுத்த எடுப்பில் லேசருக்கோ அறுவை அரங்குக்கோ கொண்டுபோவதில்லை. முதலில் மருந்தால் அழுத்தத்தை இறக்குகிறார்கள். சுரப்பைக் குறைக்க அசெட்டசோலமைடு மாத்திரை அல்லது ஊசி, டிமோலால் போன்ற சொட்டு மருந்துகள். அழுத்தம் பிடிவாதமாக நின்றால் இரத்தக் குழாய் வழியாக மானிட்டால். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு சொட்டு. ஆஸ்துமா உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் அதை இந்த நேரத்தில் மறக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் இவற்றில் சில அவர்களுக்கு ஆகாது.

கண்மணியைச் சுருக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்தைப் பலரும் முதல் மருந்தாக நினைக்கிறார்கள். ஆனால் அழுத்தம் மிக உயர்ந்திருக்கும்போது ஐரிஸின் தசைக்கு இரத்தமே சரியாகப் போகாததால் அது அந்த மருந்துக்கு மசியாது. மற்ற மருந்துகள் அழுத்தத்தை ஓரளவு இறக்கிய பிறகே பைலோகார்பின் வேலை செய்கிறது.

மருந்தில் வலி அடங்கியதும் "சரியாகிவிட்டதே, வீட்டுக்குப் போகலாமே" என்று தோன்றும். இந்த நோயில் மிகவும் ஏமாற்றும் கட்டம் இதுதான். மருந்து நீரைக் குறைத்திருக்கிறதே தவிர, மூட்டையும் திரையும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. லேசரா அறுவையா என்ற கேள்வியே இங்கேதான் தொடங்குகிறது.

லேசர் என்ன செய்கிறது

இந்த நோயில் லேசர் என்றால் பெரும்பாலும் ஐரிடாட்டமி, அதாவது ஐரிஸின் ஓரத்தில் ஒரு நுண்துளை இடுவது. கண்ணாடியைக் கழற்றச் செய்யும் லேசரோ, சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரையில் செய்யும் லேசரோ இது அல்ல. திரையின் நடுத் திறப்பை மூட்டை அடைத்துக்கொண்டால், திரையின் ஓரத்தில் ஒரு சிறு துளை போட்டுவிட்டால் நீர் அந்த வழியாக வந்துவிடும். இரு பக்க அழுத்தமும் சமமானதும் உப்பிய திரை பின்வாங்கும். மூலை வடிகால் திறக்கும். லேசர் செய்வது இவ்வளவுதான்.

இந்தத் துளை லேசரோடு பிறந்தது அல்ல என்பது பலருக்குத் தெரியாது. பெர்லினில் ஆல்பிரெக்ட் ஃபொன் கிரேஃபே என்ற கண் மருத்துவர் 1857-இல் ஐரிஸின் ஒரு துண்டைக் கத்தியால் வெட்டி எடுத்து இந்நோயைக் குணப்படுத்தலாம் என்று காட்டினார். அடுத்த நூறாண்டுக்கும் மேலாக இது அறுவை அரங்கில்தான் செய்யப்பட்டது. 1970-களிலும் 80-களிலும் லேசர் அந்த இடத்தைப் பிடித்தது. ஆக, கத்தியால் செய்த அதே வேலையைத்தான் கண்ணைத் திறக்காமல் லேசர் செய்கிறது. லேசரையும் அறுவையையும் எதிரெதிர் அணிகளாகப் பார்ப்பது பொருந்தாது என்பதற்கு இந்த வரலாறே போதும்.

செய்யும் முறை எளிமையானது. கண்மணியைச் சுருக்கும் சொட்டும் மரத்துப்போகச் செய்யும் சொட்டும் விட்டபின், நோயாளி வழக்கமான பரிசோதனைக் கருவியில் மோவாயை வைத்து உட்கார்கிறார். கண்மேல் ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பதித்து, பெரும்பாலும் மேலிமை மறைக்கும் பகுதியிலோ பக்கவாட்டிலோ, ஐரிஸ் மெலிந்திருக்கும் ஒரு குழியைத் தேர்ந்து மருத்துவர் குறிவைக்கிறார். யாக் லேசர் ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே நீடிக்கும் துடிப்புகளாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொடுக்குச் சத்தமும், சுருக்கென்று ஓர் உணர்வும் இருக்கும். துளை முழுதாக விழுந்த கணத்தில், பின்னால் அடைபட்டிருந்த நீர், ஐரிஸின் பழுப்புத் துகள்களையும் அள்ளிக்கொண்டு ஒரு புகைச்சுருள்போல் முன்னால் பாய்வதை மருத்துவர் கண்ணாரக் காண்கிறார். வேலை முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். நம்மைப் போன்ற கரும்பழுப்பு ஐரிஸ் தடிமனாக இருப்பதால், முதலில் ஆர்கான் போன்ற வெப்ப லேசரால் மெலிதாக்கிவிட்டு யாக் லேசரால் துளைப்பதும் உண்டு.

சில நிமிடங்களில் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். சிறு இரத்தக் கசிவு, சில மணி நேரத்துக்கு அழுத்தம் ஏறுவது, சில நாள் வீக்கம், சிலருக்கு விளக்கொளியில் ஒரு வெண்கோடு தெரிவது ஆகியவை வரக்கூடும், பெரும்பாலும் சமாளிக்கக்கூடியவை. ஆனால் அதற்குக் கார்னியா தெளிவாக இருந்தாக வேண்டும். பனி படர்ந்த கார்னியா வழியாக லேசரைக் குறிவைக்க முடியாது. மருந்தால் அழுத்தமும் இறங்காமல், கார்னியாவும் தெளியாமல் இருக்கும்போது வேறொரு லேசர் உதவலாம்: ஐரிஸின் ஓரத்தைச் சுற்றி மெல்லச் சூடுபடுத்தி, அதைச் சுருக்கிக் கோணத்திலிருந்து இழுத்துவிடுவது. இது ஹாங்காங்கில் ஆராயப்பட்டு, மருந்தைவிட விரைவாக அழுத்தத்தை இறக்குவதாகக் காணப்பட்டது.

துளையால் தீராதவை

துளை முதல் அடைப்பைத்தான் தீர்க்கிறது. ஐரிஸ் கோணத்தில் பல மணி நேரம் அழுந்திக் கிடந்திருந்தால், அது பசைபோல் ஒட்டிக்கொண்டு, பின்னால் அழுத்தம் சமமான பிறகும் விடுபடாமல் இருக்கும். ஒட்டாத இடத்திலும் சல்லடைத் திசு நசுங்கிப் பழுதாகியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற பருத்த லென்ஸ் அப்படியேதான் இருக்கிறது, இனியும் பருக்கும்.

துளை திறந்திருக்கிறது என்பதாலேயே கோணமும் திறந்துவிட்டது என்று கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். லேசருக்குப் பின் மருத்துவர் சிறு கண்ணாடி பொருந்திய லென்ஸைக் கண்ணில் வைத்துக் கோணத்தை நேரே பார்ப்பார். இந்தப் பரிசோதனைக்குக் கோனியோஸ்கோப்பி என்று பெயர். லேசர் முடிந்ததும் அடுத்தடுத்த பரிசோதனைகளுக்குப் போகாமல் விட்டுவிடுபவர்களில் சிலருக்கு, வலியே இல்லாமல் அழுத்தம் மெல்ல ஏறி, திடீர் நோயாகத் தொடங்கியது நாள்பட்ட நோயாக மாறிவிடுகிறது.

லென்ஸை எடுக்கும் அறுவை

இந்த இடத்தில்தான் அறுவை சிகிச்சைக்குத் தனி மதிப்பு வருகிறது. இன்று இந்நோயில் முதன்மையாகப் பேசப்படும் அறுவை, நாடெங்கும் நாள்தோறும் நடக்கும் கண்புரை அறுவையேதான். 5 மில்லிமீட்டர் தடித்த இயற்கை லென்ஸை ஒலியலைக் கருவியால் கரைத்து உறிஞ்சிவிட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். மூட்டையையே அறையிலிருந்து அகற்றிவிட்டால் திரை முன்னால் வரக் காரணமே இருக்காது. கோணம் அகலமாகிறது, பார்வையும் தெளிகிறது.

இதை எடைபோட்ட இரண்டு ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. ஹாங்காங்கில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், திடீர் அடைப்பு வந்து மருந்தால் அழுத்தம் இறங்கிய, கண்புரையும் இருந்த 62 பேரில் பாதிப் பேருக்கு லேசரும் மீதிப் பேருக்குக் கண்புரை அறுவையும் செய்தார்கள். ஒன்றரை ஆண்டு முடிவில், லேசர் செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அழுத்தம் மீண்டும் 21-ஐத் தாண்டியிருந்தது. அறுவை செய்தவர்களில் அது நூற்றுக்கு மூன்று என்ற அளவே. சிங்கப்பூரில் நடந்து 2012-இல் வெளியான, 37 பேரைக் கொண்ட சிறிய ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 89.5 விழுக்காடு, லேசர் பிரிவில் 61.1 விழுக்காடு.

ஈகிள் என்ற பெயரில் 2016-இல் வெளிவந்த, 419 பேர் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வும் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. கண்புரை இல்லாதவர்களுக்கும்கூட லென்ஸை எடுப்பது லேசரைவிட நல்ல பலன் தருவதாக அது கண்டது. ஆனால் அதில் இருந்தவர்கள் நாள்பட்ட கோண அடைப்பு உள்ளவர்கள். திடீர்த் தாக்குதல் வந்தவர்களை அது சேர்க்கவில்லை. அந்த முடிவை அப்படியே இந்நோய்க்கு ஏற்றிச் சொல்வது சரியாகாது.

எண்கள் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது எல்லாருக்கும் உடனே அறுவை செய்துவிடலாமே என்று கேட்கலாம். தாக்குதலுக்குள்ளான கண் சாதாரணக் கண்புரைக் கண்ணைப் போன்றதல்ல. கார்னியா மங்கியிருக்கும், உள்ளே கருவிக்கு இடம் மிகக் குறைவு, கண்மணி விரியாது, ஐரிஸ் தளர்ந்து துவண்டிருக்கும், லென்ஸைத் தாங்கும் இழைகள் வலுவிழந்திருக்கலாம். இதனால் வீக்கம் அடங்கும்வரை சில நாள்களோ சில வாரங்களோ காத்திருந்து, இத்தகைய கண்களில் கைதேர்ந்த மருத்துவர் செய்வதே பாதுகாப்பு. அந்த இடைவெளியில் மறுபடி அடைத்துக்கொள்ளாமல் இருக்கப் பல மருத்துவர்கள் முதலில் லேசர் துளை இட்டு, பிறகு அறுவைக்கு நாள் குறிக்கிறார்கள். இரண்டையும் செய்தால் முதலாவது தோற்றுவிட்டது என்று நோயாளியின் வீட்டார் வருந்துவதுண்டு. அது தோல்வி அல்ல. தொடக்கத்திலிருந்தே போட்ட திட்டம்.

என் பார்வையில், கண்புரையும் இருக்கும் முதியவருக்கு லென்ஸ் அறுவையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதற்கு நல்ல காரணம் குறைவு. நாற்பதுகளில் இருக்கும், லென்ஸ் தெளிவாக உள்ள, விரைவில் சிகிச்சைக்கு வந்து கோணம் ஒட்டாமல் தப்பிய ஒருவருக்கோ, துளையே போதுமானதாக இருக்கலாம். கிட்டப் பார்வைக்கும் தூரப் பார்வைக்கும் தானே வளைந்துகொடுக்கும் இயற்கை லென்ஸை அவர் அவசரப்பட்டு இழக்க வேண்டியதில்லை.

கண்ணின் சுவரில் புதிதாக ஒரு வடிகால் வெட்டும் அறுவையும் உண்டு. அது டிராபெக்குலெக்டமி எனப்படுகிறது. சிவந்து வீங்கிய கண்ணில் அதன் ஆபத்துகள் கூடுதல். வெட்டிய வழி தழும்பாகி மூடிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். மற்ற எவற்றாலும் அழுத்தம் கட்டுப்படாதபோதே அதை நாடுகிறார்கள்.

வலிக்காத மறு கண்

லேசருக்கு மறுப்பே இல்லாத ஓரிடம் உண்டு. அதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. திடீர் அடைப்பு ஒரு கண்ணில் வந்தவருக்கு மறு கண்ணின் அமைப்பும் ஏறத்தாழ அதேதான்: அதே குறுகிய இடம், அதே பருத்த லென்ஸ். ஒன்றும் செய்யாமல் விட்டால், ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அந்தக் கண்ணும் தாக்கப்படுகிறது. குவாங்சோவில் கண்காணிக்கப்பட்டவர்களின் நிலை வேறு. ஆய்வு தொடங்கியபோது அவர்களில் யாருக்கும் எந்தக் கண்ணிலும் தாக்குதல் வந்திருக்கவில்லை. இங்கோ ஒரு கண் ஏற்கெனவே சாட்சி சொல்லிவிட்டது.

அந்த மறு கண்ணின் கார்னியா தெளிவாக இருக்கிறது, வீக்கமில்லை, ஐரிஸ் ஒட்டவில்லை. துளையிட இதைவிட எளிதான கண் கிடைக்காது. தாக்கப்பட்ட கண்ணுக்கு லேசரா அறுவையா என்று குடும்பம் கலந்து பேசிக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கண்ணுக்கு லேசரை அன்றோ அடுத்த ஓரிரு நாள்களிலோ முடித்துவிட வேண்டும். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். செய்யப்படவில்லை என்றால், எந்தத் தேதியில் செய்யப்போகிறார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நாள்வரை கடையில் கேட்டு வாங்கும் சளி மாத்திரை எதையும் தொட வேண்டாம்.